“கூட்டுற வேலை தானே!”



கடந்த மாதம் சம்பளம் போட்ட மறுநாள், ஒரு தோட்டத்திலிருந்து 18 பெண்கள் எமது சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்திற்கு வந்தார்கள். எல்லோர் கையிலும் சம்பளச் சீட்டு இருந்தது. எல்லாச் சீட்டிலும் ஒரே குறை. நான்கு நாள் வேலைக்கு நான்கு அரைப்பேர்.

அந்த நான்கு நாளும் அவர்கள் மலைக்குப் போகவில்லை. ஸ்டோருக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய தேயிலை பொதி செய்யும் மண்டபத்தையும் அதோடு சேர்ந்த களஞ்சியசாலையையும் திறப்பு விழாவுக்கு முன் துப்புரவு செய்ய வேண்டும் என்று, காலைப் பெரட்டில் பெயர் வாசித்து அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். காலை ஏழரைக்கு உள்ளே போனவர்கள் மாலை நாலரைக்குத்தான் வெளியே வந்தார்கள். ஏன் அரைப்பேர் என்று கேட்டபோது நிர்வாகம் சொன்ன பதில் இது: “கொழுந்து நிறுக்கவில்லையே, எப்படி முழுப்பேர் போடுவது?”

கொழுந்து பறிக்க விடாமல் இழுத்துக்கொண்டு போனது யார்? அந்த நான்கு நாளில் அவர்கள் அள்ளியது சீமெந்துத் தூசி. நிறுத்துத்தான் பேர் போடுவோம் என்றால் அந்தத் தூசியை நிறுத்திருக்க வேண்டும்.

கணக்கைப் பார்ப்போம். 2024இல் சம்பள நிர்ணய சபை ஊடாக நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபா நாள் சம்பளத்தை வைத்தே பார்ப்போம். அரைப்பேர் என்றால் 675 ரூபா போய்விட்டது. நான்கு நாளுக்கு ஒருவருக்கு 2,700 ரூபா. 18 பேருக்கு 48,600 ரூபா. அதோடு முடியவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி கட்ட வேண்டியது நூற்றுக்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3. அந்த 48,600 ரூபாவுக்குரிய 7,290 ரூபாவும் சேர்ந்து போனது. மொத்தம் 55,890 ரூபா. திறப்பு விழாவுக்குக் கட்டிய தோரணத்திற்கும் பந்தலுக்கும் கொடுத்த காசில் எவரும் பாதியைப் பிடித்திருக்க மாட்டார்கள். துப்புரவு செய்த கைகளுக்குரியதில் பாதி பிடிக்கப்பட்டது.

ஆனால் நாம் இதை எழுதுவது சம்பளக் கணக்கிற்காக மாத்திரம் அல்ல. வந்த 18 பேரில் ஒருவரால் நடக்க முடியவில்லை. இருவர் தோளில் கைபோட்டுத்தான் படியேறினார். இரண்டு பாதங்களிலும் விரல் இடுக்கிலும் தோல் வெந்து உரிந்திருந்தது. பத்து நாளாக மலைக்குப் போகாதவர். அந்தப் பத்து நாளுக்கு அவருக்கு அரைப்பேர்கூட இல்லை.

நடந்தது என்ன?

முதல் நாள் தும்புத்தடியைக் கொடுத்துக் கூட்டச் சொன்னார்கள். புதுக் கட்டடத்தில் இருப்பது வீட்டு முற்றத்துக் குப்பை அல்ல. சுவரை கிரைண்டரால் தேய்த்த தூசி, டைல்ஸ் வெட்டிய தூசி, கொட்டிப்போன சீமெந்து, பெயின்ட் சுரண்டிய பொடி, கண்ணாடித் துண்டு, ஆணி. “கூட்டக் கூட்டத் தூசி எந்திரிச்சிப் பக்கத்துல நிக்கிறவ மொகம் தெரியல. சேலத் தலப்ப மூக்குல கட்டிக்கிட்டோம்” என்றார் ஒரு தாய். முகக்கவசம் எவருக்கும் கொடுக்கப்படவில்லை.

இரண்டாம் நாள் தண்ணீர் அடித்துக் கழுவச் சொன்னார்கள். காலில் இறப்பர் செருப்பு, இடுப்பில் மலைக்குக் கட்டும் அதே படங்கு. சீமெந்துச் சேறு கணுக்கால் வரை நின்றது. நாள் முழுவதும் அதில் நின்றார்கள். கால் வெந்தது அன்றுதான்.

மூன்றாம் நாள் டைல்ஸில் ஒட்டியிருந்த சீமெந்துக் கறையை எடுக்க அசிட் போத்தல்கள் வந்தன. போத்தலில் ஒட்டியிருந்த தாளில் ஆங்கிலம் மாத்திரம் இருந்தது. கையுறை என்று கொடுத்தது கடையில் பாண் எடுக்கப் போடும் மெல்லிய பொலித்தீன் உறை. அரை மணித்தியாலத்தில் கிழிந்தது.

நான்காம் நாள், மறுநாள் விழா என்ற அவசரத்தில், கட்டடத்தில் பெயின்ட் மணமும் அசிட் மணமும் நிற்கக்கூடாது என்று ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றச் சொன்னார்கள். முந்தைய நாள் அசிட் மூலைகளிலும் கான்களிலும் இன்னும் தேங்கியிருந்தது. ஊற்றிய கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைத்துக் கண் எரிந்து ஐந்து பேர் வெளியே ஓடி வந்து விழுந்து இருமினார்கள். “ஐயா, மூச்சு வுட முடியல” என்று சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில், “கொஞ்சம் காத்தாட நின்னுட்டு வாங்க, இன்னிக்கு முடிச்சாகணும்.”

மறுநாள் விழா நடந்தது. வந்த பெரியவர்களுக்கு வாசலில் வெள்ளை அங்கியும் தலைத்தொப்பியும் காலுக்கு உறையும் வாய்க்குக் கவசமும் கொடுத்து உள்ளே அழைத்துப் போனார்கள். தேயிலையில் ஒரு முடி விழக்கூடாது, தேயிலைக்கு வேறு மணம் ஏறக்கூடாது. சரிதான், தேயிலை மணத்தை இழுக்கும் பொருள், ஏற்றுமதிக்குப் போகும் உணவு. அந்தச் சுத்தத்தை நாமும் வேண்டுகிறோம். எமது கேள்வி ஒன்றே ஒன்று. ஒரு மணித்தியாலம் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுக்க முடிந்த வாய்க்கவசத்தை, நான்கு நாள் தூசியில் நின்றவர்களுக்கு ஏன் கொடுக்க முடியவில்லை? தேயிலையைத் தொழிலாளியிடமிருந்து காப்பாற்ற ஏற்பாடு இருக்கிறது. தொழிலாளியைத் தூசியிடமிருந்து காப்பாற்ற ஏற்பாடு இல்லை.

“தானே” என்ற சொல்

இந்த அநியாயம் முழுவதும் ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. “கூட்டுற வேலை தானே!” துரை அதைச் சொன்னார், கணக்கப்பிள்ளை சொன்னார், கட்டட ஒப்பந்தக்காரர் சொன்னார். வெட்கத்தோடு எழுதுகிறோம், அந்தத் தோட்டத்தின் எமது தலைவரும் பெரட்டில் அதைத்தான் சொன்னார்: “ரெண்டு மூணு நாளு கூட்டுற வேலை தானே, போயிட்டு வாங்க.” எந்த வேலை, எத்தனை நாள், என்ன கணக்கில் பேர், என்ன பாதுகாப்பு என்று அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியது சங்கத்தின் கடமை. அதில் நாம் தவறினோம். நிர்வாகத்தைக் குற்றம் சொல்லும் முன் இதை ஒப்புக்கொள்கிறோம்.

வீட்டிலும் இந்தச் சொல் உண்டு. பெண் செய்யும் எந்த வேலைக்கும் பின்னால் ஒரு “தானே” ஒட்டியிருக்கிறது. சமைக்கிறது தானே, துவைக்கிறது தானே, கூட்டுறது தானே. வீட்டில் காசில்லாமல் செய்யும் வேலை என்பதால் வெளியிலும் அதற்குப் பெறுமதி இல்லை என்று எண்ணுகிறார்கள். அதனால்தான் கட்டடம் கட்டிய மேசன் பாஸுக்குத் தலைக்கவசமும் சப்பாத்தும் இருந்தன. அதே கட்டடத்தைத் துப்புரவு செய்யப் போன பெண்ணுக்குக் கிழிந்த செருப்பு போதும் என்றாகிவிட்டது.

கட்டட வேலையில் கடைசி வேலை துப்புரவு. அது லேசான வேலை அல்ல. மற்றவர்கள் மாதக்கணக்கில் கட்டி, வெட்டி, தேய்த்து விட்டுப்போன அத்தனை நஞ்சும் ஒன்றாகக் கூடி இருப்பது அந்தக் கடைசி நாட்களில்தான். அந்த நஞ்சு என்ன என்பதை எமது அங்கத்தவர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சீமெந்து: வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வெந்துபோவது நம் எல்லோருக்கும் தெரியும். சீமெந்துக்கும் அதே குணம். ஈரம் பட்டால் அது தோலை மெதுவாக அரிக்கும். முதலில் வலி தெரியாது. மாலையில் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரியும். சிலருக்கு அதிலுள்ள குரோமியம் என்ற பொருளால் தீராத சொறியும் வெடிப்பும் வரும். ஒருமுறை வந்தவருக்கு அதன்பின் கொஞ்சம் சீமெந்து பட்டாலும் திரும்ப வரும்.

கொங்கிரீட் தூசி: மணலிலும் கருங்கல்லிலும் சிலிக்கா இருக்கிறது. வெட்டும்போதும் தேய்க்கும்போதும் அது கண்ணுக்குத் தெரியாத பொடியாகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கில் நிற்கும், தெரியாத தூசி நெஞ்சின் அடிவரை போகும். நுரையீரல் தழும்பு பிடித்து இறுகும் சிலிக்கோசிஸ் நோய் அதனால் வருவது. அதைக் குணமாக்க மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1997இல் இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதலாம் வகுப்பில் சேர்த்தது. நான்கு நாள் கூட்டியவருக்கு நாளைக்கே இந்த நோய் வரும் என்று நாம் பயமுறுத்தவில்லை. ஆனால் இதையே தொழிலாகச் செய்பவருக்கு வருடங்கள் கழித்து வரலாம். வரும்போது எந்த முதலாளியும் பக்கத்தில் இருக்கமாட்டான். சேலைத் தலைப்போ கைக்குட்டையோ இந்தத் தூசியைத் தடுக்காது.

அசிட்டும் ப்ளீச்சிங் பவுடரும்: இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். 1915இல் முதலாம் உலகப் போரில் எதிரிப் படையைக் கொல்லத் திறந்துவிட்ட நச்சுப் புகை இதுதான். அந்தப் புகையைத்தான், காற்றுப் போக வழியில்லாத ஒரு களஞ்சியசாலைக்குள், எமது தாய்மார் தம் கையாலேயே உண்டாக்கும்படி செய்யப்பட்டார்கள். தெரியாமல் நடந்தது என்கிறார்கள். அசிட்டை வாங்கிக் கொடுப்பவன் தெரிந்துதான் கொடுக்க வேண்டும். தெரியாதவன் கொடுக்கக்கூடாது.

இவ்வளவும் தெரிந்து, முறைப்படி, உடலுக்குக் கேடில்லாமல் செய்து முடிப்பது ஒரு தொழில்திறன். “கூட்டுற வேலை தானே” என்பவர் அந்தத் திறனுக்குரிய காசையும் அந்த ஆபத்துக்குரிய பொறுப்பையும் ஒரே சொல்லில் விழுங்குகிறார்.

நிர்வாகத்தின் நொண்டிச் சாட்டுகள்

நாம் நிர்வாகத்தைச் சந்தித்துப் பேசினோம். அங்கே கேட்ட சாட்டுகளை அங்கத்தவர்கள் அறியத் தருகிறோம். நாளை உங்கள் தோட்டத்திலும் இவையே சொல்லப்படும்.

முதல் சாட்டு: “கட்டடம் இன்னும் திறக்கவில்லை. ஆகவே அது தொழிற்சாலை அல்ல.” ஒப்பந்தக்காரரைக் கேட்டால், “நான் கட்டி ஒப்படைத்துவிட்டேன், துப்புரவு என் பொறுப்பல்ல” என்கிறார். ஆக, கட்டி முடித்த நாளுக்கும் திறக்கும் நாளுக்கும் இடையில் அந்தக் கட்டடத்துக்கு அப்பனும் இல்லை அம்மையும் இல்லை. அந்த இடைவெளிக்குள்தான் எமது பெண்களை அனுப்புகிறார்கள். ஆனால் சட்டத்தில் அப்படி ஓர் இடைவெளி இல்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட நிர்மாண வேலைகளையும் தொட்டுப் பேசுகிறது. கட்டடம் கட்டும் இடம் என்றாலும், தொழிற்சாலை என்றாலும், தொழிலாளியின் பாதுகாப்புக்கு யாரோ ஒருவர் பதில் சொல்லியே ஆகவேண்டும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் நேர்ந்த விபத்துக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. நாடா வெட்டிய பிறகு நடந்த விபத்துக்கு மாத்திரம் என்று அதில் எழுதவில்லை. பெரட்டில் பெயர் வாசித்து அனுப்பியது நிர்வாகம். செக்ரோலில் பெயர் இருக்கிறது. முதலாளி யார் என்று தேட வேறு சாட்சி வேண்டுமா?

இரண்டாவது சாட்டு: “கையுறை கொடுத்தாலும் இவர்கள் போடமாட்டார்கள்.” பாண் எடுக்கும் பொலித்தீன் உறையை அசிட்டுக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் சொல்வது கேலி. கைக்கு அளவான, அசிட் தாங்கும் இறப்பர் கையுறையைக் கொடுத்தார்களா? கால் அளவுக்கு இறப்பர் பூட்ஸ் கொடுத்தார்களா? கவசம் போட்டால் மூச்சு வாங்கும், அதனால் இடையிடையே ஓய்வு வேண்டும் என்று கணக்கில் எடுத்தார்களா? சரியான பொருளைக் கொடுத்து, ஏன் போட வேண்டும் என்று அவர்கள் பேசும் மொழியில் சொல்லிக் கொடுத்தும் போடாதவர் இருந்தால் எம்மிடம் சொல்லுங்கள். எமது அங்கத்தவரிடம் நாம் பேசிக்கொள்கிறோம்.

மூன்றாவது சாட்டு மிரட்டல்: “இவ்வளவு சட்டம் பேசினால் வெளியிலிருந்து ஆள் கொண்டுவந்து கொந்தரப்புக்குக் கொடுத்துவிடுவோம். உங்களுக்கு இருக்கிற பேரும் போய்விடும்.”

இந்த மிரட்டலுக்கு எமது பெண்களில் பலர் பயப்படுவது எமக்குத் தெரியும். வெயில் காலத்தில் கொழுந்து குறைந்து மாதத்தில் பாதி நாள்கூடப் பேர் கிடைக்காத குடும்பங்கள் இருக்கின்றன. அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். நாம் இந்த வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிய ஸ்டோர் வருவதையும் எதிர்க்கவில்லை. தோட்டங்கள் தோறும் ஸ்டோர்கள் மூடிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் நாம். ஒரு கட்டடம் புதிதாக எழும்பினால் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை வரும் என்று முதலில் சந்தோஷப்படுவதும் நாம்தான். வேலை வேண்டும், முழுப்பேரோடும் முழுப் பாதுகாப்போடும் வேண்டும் என்பதே எமது பேச்சு.

அந்த “வெளியாள்” யார்?

கொந்தரப்புக்கு வரும் வெளியாட்கள் யார் என்று பார்த்திருக்கிறீர்களா? பக்கத்துத் தோட்டத்தில் பெயர் பதியாமல் இருப்பவர்கள். ஓய்வு வயதில் பெயர் வெட்டப்பட்ட நம் தாய்மார். பாடசாலையை விட்ட நம் பையன்கள். கொழும்புக்குப் போனாலும் அப்படித்தான். பேலியகொடை, வத்தளைப் பக்கத்துக் களஞ்சியசாலைகளிலும், பியகம, கட்டுநாயக்கப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலும், புதுக் கட்டடம் திறக்கும் முன் இரவிரவாகத் துப்புரவு செய்ய மேன்பவர் ஏஜென்சிக்காரர் வேனில் ஏற்றிக்கொண்டு போகும் பிள்ளைகளில் மலையகப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று லயத்துக்கு லயம் கேட்டுப் பாருங்கள்.

அங்கே பெரட்டும் இல்லை, செக்ரோலும் இல்லை, தலைவரும் இல்லை. திறக்கும் திகதி மாத்திரம் உண்டு. திகதி நெருங்க நெருங்க இரவும் பகலும் ஒன்றாகும். ஒரு பக்கம் கூட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் போக்லிப்ட் வண்டி சாமான் ஏற்றிக்கொண்டு வரும். உயரத்துத் தட்டுகளிலும் வளைகளிலும் படிந்த தூசியை எடுக்க இடுப்பில் பட்டி இல்லாமல் ஏற்றுவார்கள். கூரையைக் கழுவப் போகும் பையனுக்கு, வெளிச்சத்துக்காகப் போட்டிருக்கும் கண்ணாடி போன்ற தகடு ஆள் பாரம் தாங்காது என்று சொல்வதற்கு ஆள் இல்லை. அது தகரத்தோடு தகரமாகத்தான் தெரியும். கால் வைத்தால் நேரே கீழே கொங்கிரீட் தரை. விடிந்தால் கையில் ஒரு தாள் காசு. துண்டு இல்லை, சேமலாப நிதி இல்லை. விழுந்து கிடந்தால் “எங்கள் ஆள் இல்லை” என்று கம்பனி ஏஜென்சியைக் காட்டும், ஏஜென்சி கம்பனியைக் காட்டும்.

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக வேலையாளையும் கொந்தரப்பு வேலையாளையும் விலக்கி வைக்கவில்லை. தொழிலாளியிடம் நூற்றுக்கு 8, முதலாளியிடம் நூற்றுக்கு 12 என்ற கணக்கு அவர்களுக்கும் உண்டு. இதை ஏஜென்சிக்காரர் நம் பிள்ளைக்குச் சொல்லமாட்டார். வீட்டிலிருந்து நாம்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

ஆகவே, “வெளியாளைக் கொண்டுவருவோம்” என்று தோட்டத்தில் எங்களை மிரட்டும்போது, அந்த வெளியாள் நம் வீட்டுப் பிள்ளை என்பதை மறக்க வேண்டாம். “தோட்டத்து ஆட்கள் இதற்கும் குறைந்த காசுக்கு வருவார்கள்” என்று கொழும்பில் நம் பிள்ளையை மிரட்டும்போது, அங்கே காட்டப்படுவது நாம். தாயைக் காட்டிப் பிள்ளையையும், பிள்ளையைக் காட்டித் தாயையும் மிரட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே கோரிக்கை வைத்தால் இந்த மிரட்டல் செல்லாது.

செய்யும் முறை இதுதான்

பெரிய செலவு இல்லாமல் இந்த வேலையைச் சரியாகச் செய்யலாம். இதை வெட்டி எடுத்து லயத்தில் ஒட்டி வையுங்கள்.

காய்ந்த தூசியைக் கூட்டக்கூடாது. முதலில் தண்ணீர் தெளித்து நனைத்து அள்ள வேண்டும். தூசி உறிஞ்சும் இயந்திரம் இருந்தால் இன்னும் நல்லது. மேலிருந்து கீழாக வர வேண்டும், கீழே கழுவிவிட்டு மேலே தட்டக்கூடாது. தூசி வேலைக்கு முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும், தூசி வடிக்கும் கவசம் வேண்டும். கொரோனா காலத்தில் என்95 என்று கேள்விப்பட்டோமே, அந்த வகை. சாதாரணத் துணிக் கவசம் போதாது.

சீமெந்துத் தண்ணீரில் செருப்போடு நிற்கக்கூடாது. இறப்பர் பூட்ஸ் போட வேண்டும். பூட்ஸுக்குள் தண்ணீர் போனால் உடனே கழற்றிக் கழுவ வேண்டும், இல்லையென்றால் அது செருப்பைவிட மோசம்.

அசிட்டைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். அசிட் மேல் தண்ணீரை ஊற்றினால் அது தெறிக்கும். அசிட் பட்ட இடத்தில், பலமுறை தண்ணீர் விட்டு முழுதாகக் கழுவி முடிக்கும்வரை, ப்ளீச்சிங் பவுடரைக் கொண்டுபோகவே கூடாது. கதவு சன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். மேலில் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும், அதற்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கண் எரிந்து மூச்சு அடைத்தால் உடனே எல்லோரும் வெளியே வர வேண்டும், எவர் உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம்.

தேநீர் குடிக்கும் முன் கை கழுவ வேண்டும். வேலைத் துணியோடு பிள்ளைக் காம்பராவுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கவோ பால் கொடுக்கவோ கூடாது. உடை மாற்றவும் மேல் கழுவவும் நிர்வாகம் இடமும் நேரமும் கொடுக்க வேண்டும். கர்ப்பிணித் தாய்மாரை இந்த வேலைக்கு அனுப்பவே கூடாது.

எமது கோரிக்கைகள்

1. புதுக் கட்டடத் துப்புரவுக்கு அனுப்பப்படும் ஒவ்வொரு நாளுக்கும் முழுப்பேர் போட வேண்டும். கிலோக் கணக்கு அதில் நுழையக்கூடாது. நாலரைக்கு மேல் நின்றால் மேலதிக நேரச் சம்பளம் தர வேண்டும்.

2. வேலைக்கு முதல் நாளே என்ன வேலை, எத்தனை பேர், எத்தனை நாள், என்ன மருந்து பாவிக்கப்படும் என்று எழுத்தில் தலைவருக்கும் மாதர் தலைவிக்கும் கொடுக்க வேண்டும்.

3. பூட்ஸ், கையுறை, கண்ணாடி, தூசிக் கவசம் ஆகியவற்றை நிர்வாகம் இலவசமாகக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகே வேலை தொடங்க வேண்டும்.

4. தமிழிலும் சிங்களத்திலும் எழுதாத போத்தல் எதுவும் தொழிலாளி கைக்கு வரக்கூடாது. அதைப் பாவிக்கத் தெரிந்த ஒருவர் வேலை முடியும்வரை கூட நிற்க வேண்டும்.

5. உயரத்து வேலையும் கூரை வேலையும் எமது பெண்களின் வேலையும் அல்ல, பயிற்சியில்லாத பையன்களின் வேலையும் அல்ல. அதற்குரிய ஆட்களும் சாரமும் பட்டியும் வேண்டும்.

6. காயப்பட்டவருக்கு வைத்தியச் செலவையும் வேலை இழந்த நாட்களின் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். விபத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

7. கொந்தரப்புக்குக் கொடுத்தாலும் இந்த ஆறும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். கொந்தரப்புக்காரர் கட்டாத சேமலாப நிதிக்கு நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டும்.

இதில் ஒன்றும் அதிகப்படியான ஆசை இல்லை. பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச் சூழலை ஒவ்வொரு தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று சர்வதேச தொழில் அமைப்பு 2022 ஜூன் மாதம் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஜெனீவாவில் ஏற்றுக்கொண்ட உரிமை எங்கள் ஸ்டோர் வாசலில் வந்து நிற்கிறது. கதவைத் திறப்பதுதான் பாக்கி.

இனி என்ன?

பேச்சுவார்த்தையின் பின் செக்ரோலைத் திருத்தி, 18 பேருக்கும் நான்கு முழுப்பேர் போட நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. இது அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் ஒன்றாக வந்ததால் கிடைத்தது. ஒருவர் இருவராக வந்திருந்தால் “கணக்கில் பிழை” என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

கால் வெந்த அந்தத் தாயின் பத்து நாளுக்கும், குளோரின் புகையில் விழுந்த ஐந்து பேருக்கும் நிர்வாகம் இன்னும் எழுத்தில் பதில் தரவில்லை. நாம் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு பதிந்திருக்கிறோம். தொழிற்சாலைப் பரிசோதகப் பொறியியலாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறோம்.

அதே தோட்டத்தில் இரண்டாவது களஞ்சியசாலையும் கட்டி முடியும் நிலையில் இருக்கிறது. அடுத்த மாதம் திறப்பதாகக் கேள்வி. மறுபடியும் ஒரு காலைப் பெரட்டில் பெயர் வாசிப்பார்கள். மறுபடியும் “கூட்டுற வேலை தானே” என்பார்கள். அந்தத் தோட்டத்தில் எமது அங்கத்தவர்கள் கூட்டம் கூடி எடுத்த முடிவு இதுதான்: மேலே உள்ள கோரிக்கைகளுக்கு நிர்வாகம் கையெழுத்து வைக்கும்வரை ஒருவரும் தும்புத்தடியைத் தொடுவதில்லை. மலைக்குப் போவோம், கொழுந்து பறிப்போம், தூசிக்குள் போகமாட்டோம். இந்த முடிவுக்குப் பின்னால் சங்கம் முழுவதும் நிற்கிறது. தோட்டத் தலைவரும் நிற்கிறார். அன்று பெரட்டில் சொன்ன சொல்லை அவர் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று திரும்பப் பெற்றார். அது அவருக்குப் பெருமை.

மற்றத் தோட்டத் தலைவர்களுக்கும் மாதர் தலைவிமாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தில் ஸ்டோரோ, களஞ்சியசாலையோ, சிறு கட்டடமோ கட்டப்படுகிறதென்றால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே போய்க் கேளுங்கள்: “இதைத் துப்புரவு செய்யப்போவது யார்? என்ன கணக்கில்? என்ன பாதுகாப்பில்?” பதிலை எழுத்தில் வாங்கி மாவட்டக் காரியாலயத்திற்கு அனுப்புங்கள். கொழும்புப் பக்கம் இந்த வேலைக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர், அவர்கள் ஊருக்கு வரும்போது எமது காரியாலயத்திற்கு ஒருமுறை அழைத்து வாருங்கள். கேட்டுக்கொள்ளவும் சொல்லிக்கொடுக்கவும் விஷயம் நிறைய இருக்கிறது.

அடுத்த திறப்பு விழாவில் நாடா வெட்டுகிறவர் யாராகவும் இருக்கட்டும். அதற்கு முன் அந்தத் தரையைத் துப்புரவு செய்த பெண் தன் இரண்டு காலில் நடந்து, முழுப்பேரோடு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். அதை உறுதி செய்வது எமது கையில்தான் இருக்கிறது.

ஒன்றுபடுவோம்! உரிமையை எழுத்தில் பெறுவோம்!